மருமகன் சலூன் வைக்கப் போறாரு

வா மருமகனே, வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல கலர் அட்டை வேற ஒட்டிக் கொண்டாந்திருக்கே. படிச்ச பிள்ளைக்கு அதான் அழகு. நான் கடை வச்சப்ப ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கட்டடக்காரர் வாயால வாடகை சொன்னாரு, வாயாலயே வருசா வருசம் ஏத்திக்கிட்டும் போனாரு.

‘பிரீமியம் யுனிசெக்ஸ் சலூன், எட்டயபுரம் ரோடு, கோவில்பட்டி.’ பேரே மணக்குது. மூணு நாற்காலி, ஏசி, சுவத்துல பெரிய டிவி, மீன் தொட்டி, காப்பி மிஷின். காப்பி குடிக்க ஆள் வரும் மருமகனே, அதுல எனக்கு எள்ளளவும் சந்தேகமில்ல. நம்ம ஊர்ல சும்மா கிடைக்கிற காப்பியை வேண்டாம்னு சொன்னவனை நான் பாத்ததில்ல.

ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவனை ‘போயி நாலு பேருக்குச் சிரை’ன்னு ஊர்ல வைவாங்க. அந்த வசவையே நீ புராஜெக்ட் ரிப்போர்ட்டா டைப் அடிச்சுட்டே. என் தங்கச்சி உன்னைக் கத்தியும் கத்தரியும் கண்ணுல படாம வளத்தா. தாத்தாவுக்குக் கடைக்குச் சோறு கொண்டுபோகக்கூட உன்னை அனுப்ப மாட்டா, பக்கத்து வீட்டுப் பயலைத்தான் அனுப்புவா. நீ மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சே. மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில சேர்ந்தே. அவங்க ஆளைக் குறைச்சாங்க, நீ வந்து நிக்கிறது தாத்தா நின்ன இடத்துல. வந்ததுல தப்பில்ல. வழியில காலேஜுக்குக் கட்டுன பணத்தைத்தான் நினைச்சுப் பாத்தேன்.

முதல் பக்கத்துலயே தடிச்ச எழுத்துல போட்டிருக்கே, பொருளாதாரம் படுத்தாலும் முடி வளர்றது நிக்காது, அதனால இந்தத் தொழிலுக்கு நஷ்டமே கிடையாதுன்னு. ரொம்பச் சரி. மாசத்துக்கு அரை அங்குலம் வளரும். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு விட்டாலும் வளரும், கப்பல்ல சரக்கு ஏறலைன்னாலும் வளரும். ஆனா வளர்றது அவன் தலையில. உன் நாற்காலிக்கு அது வாரது அவன் பையில காசு இருக்கிற அன்னிக்கு.

கை தாராளமா இருக்கிறவன் 30 நாளைக்கு ஒருக்க வருவான். வருசத்துக்கு 12 தடவை தலையக் கொடுப்பான். கை சுருங்கிச்சின்னு வையி, ‘அடுத்த வாரம் பாப்பம்’பான். அடுத்த வாரம் கரண்டு பில்லு வரும், அதுக்கடுத்த வாரம் ஒரு காதுகுத்து வரும். காதுமேல முடி விழுற வரைக்கும் தள்ளிக்கிட்டே போயி 45 நாளாக்குவான். அப்ப வருசத்துக்கு 8 தடவை. ஆளு உன்னை விட்டுப் போகல, வேற கடையிலயும் ஏறல, ரோட்டுல பாத்தா ‘அண்ணே’ன்னு கும்பிடு வேற போடுறான். ஆனா மூணுல ஒரு பங்கு வருமானம் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியாது. யாரையும் பிடிச்சு வையவும் முடியாது. ஜவுளிக்கடையில வியாபாரம் விழுந்தா அன்னைக்கே தெரிஞ்சு போகும். நமக்கு விழுறது ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும்.

அதுலயும் முதல்ல நிக்கிறது ஷேவிங். வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து மோவாயைத் தூக்கிக்கிட்டுச் சாஞ்சவன், வீட்டுலயே வழிச்சுக்குவான். அடுத்து நிக்கிறது சாயம். கடைசி வரைக்கும் நிக்காதது பள்ளிக்கூடத்துப் பயக தலைதான். ஜூன் மாசம் ஹெட்மாஸ்டர் கேட்டுல பிரம்போட நிப்பாருல்ல, அவரு புண்ணியம். நீ சாமி படம் மாட்டுறப்ப அவரு படத்தையும் ஒண்ணு சேத்து மாட்டிரு.

பொருளாதாரத்தை மட்டும் பழி சொன்னா பாவம். இந்தத் தொழிலைச் சினிமாக்காரன் கெடுத்த அளவுக்கு எந்த நிதி மந்திரியும் கெடுத்ததில்லங்கிறது என் கட்சி. எங்கப்பா காலத்துல பாகவதர் கிராப்பு. அந்தப் பாகவதர் நடிச்ச ‘ஹரிதாஸ்’ 1944-ல வந்து மூணு தீபாவளியைப் பாத்த படம். மூணு தீபாவளிக்கும் விடலைப் பயக பிடரி முடியைத் தொட விடலைன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் பொருமுவாரு. நான் கத்தரி பிடிச்ச எழுபதுகள்ல ஹிப்பி. பெல்பாட்டம் தரையைக் கூட்டும், முடி தோளைக் கூட்டும், நான் கடையைக் கூட்டிட்டு உக்காந்திருப்பேன். 2011-ல அஜித் ‘மங்காத்தா’வுல நரைச்ச தலையோட வந்தாரு. சாயம் போட வந்துக்கிட்டிருந்தவுக, ‘நரையே நல்லாத்தான்ணே இருக்கு’ன்னு கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போனாக. 2018-ல ‘கே.ஜி.எஃப்.’ வந்துச்சு, ஊரு பூரா தாடி. தாடியைச் செட் பண்ணவும் காசு உண்டுங்கிறே. உண்டு, உண்டு. அதுக்குத்தான் வீட்டுக்கு வீடு டிரிம்மர் இருக்கே.

அந்த டிரிம்மர் எப்ப வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு ஊரை அடைச்சாங்கள்ல, அப்ப. கடைக்குப் பூட்டு. அம்மாக்காரி பிள்ளைக்கும் பொண்டாட்டி புருசனுக்கும் வெட்டிப் பழகிட்டாக. கோணலா வெட்டினாலும் பாக்க வெளியில ஆளில்ல. பெறகு தளர்த்தி விட்டு, ஜூன்ல ஒரு உத்தரவு போட்டாங்க. முடி வெட்ட வாரவன் பேரு, விலாசம், போன் நம்பரு, ஆதார் நம்பரு அத்தனையும் நோட்டுல எழுதி வைக்கணுமாம். வெட்டி முடிச்ச பெறகு ஆதார் போட்டோவுக்கும் ஆளுக்கும் பொருத்தம் இருக்காதேன்னு எந்த அதிகாரிக்கும் தோணல.

சரி, கணக்குக்கு வருவம். மாசத்துக்கு 30 நாள்னு போட்டிருக்கே. நல்ல மனசு உனக்கு. செவ்வாய்க்கிழமை கடை கிடையாதுங்கிறதை உங்கம்மா சொல்லல போல. அது போக வெள்ளிக்கிழமை பாதிப் பேரு தலையில கை வைக்க விடமாட்டான். அமாவாசை, கிருத்திகை இருக்கு. பொண்டாட்டி மாசமா இருந்தா முடி வெட்டாத புருசன் இன்னும் இருக்கான். கார்த்திகை பிறந்தா மாலை போட்ட சாமிக, மகரஜோதி வரைக்கும் உன் கடைப்பக்கம் ‘சாமி சரணம்’ சொல்லிட்டுப் போவாகளே ஒழிய உள்ள வரமாட்டாக. மொட்டைக்கு உன்கிட்ட வருவாகன்னு நினைக்காதே. 2021-லேருந்து அறநிலையத்துறைக் கோயில்கள்ல மொட்டை இலவசம். இதுக்கெல்லாம் சேத்துத் தீபாவளிக்கு முந்துன மூணு நாள் சாமி கொடுக்கும். அந்த மூணு நாள் கூட்டத்தைப் பாத்துட்டுத்தான் நிறையப் பேரு கடை வைக்கிறதே. நீ ஊருக்கு வந்தது தீபாவளிக்குத்தானே?

பேனாவை எடு, எழுது. வாடகை 15,000. கரண்டு 4,000. வீட்டுல கொடுக்கிற 100 யூனிட் இலவசம் கடைக்குக் கிடையாது, ஏசிக்கு அது தெரியவும் தெரியாது. பிளேடு, கிரீம், சாயம், துண்டு துவைக்கிற கூலி 3,000. முத்ரா கடன் 5 லட்சம் வாங்கி அஞ்சு வருசத்துல கட்டினா மாசம் 11,000 பக்கத்துல வரும். ஆகமொத்தம் 33,000. வெட்டுக்கூலி 150-ன்னு வச்சிருக்கே. ஆனா வெட்டுறவன் நீ இல்ல. தொழில்காரன் பாதிக்குப் பாதி கேப்பான், அதான் நடப்பு. உனக்கு மிஞ்சுறது 75. 33,000-த்தை 75-ஆல வகுத்துப் பாரு. 440 தலை. 26 நாள் கடை திறந்தா நாளைக்கு 17 தலை. நல்லா ஓடுற கடையிலயே ஞாயிறு நாலுக்கும் 30 வீதம் 120, மத்த 22 நாளைக்கு 7 வீதம் 154, மொத்தம் 274. இன்னும் 166 தலை எங்கிருந்து வரும்? இலங்கையிலருந்து பத்துத்தலை ராவணனைக் கூப்பிட்டாலும் 17 தடவை வரணும்.

இதெல்லாம் உன் சோத்துக் கணக்குக்கு முந்தி. அட்வான்சா கொடுக்கிற பத்து மாச வாடகை ஒண்ணரை லட்சத்தை நான் எழுதவே இல்ல, உனக்கு மூச்சு வாங்கும்னு.

இப்ப அதே கணக்குல வெட்டுறது நீயின்னு வையி. முழு 150-ம் உன் பையில. 220 தலை போதும். அதே 274 தலைக்குக் கையில 8,000 மிஞ்சும். கண்ணாடியும் அதே, வாடகையும் அதே, மீனும் அதே. மாறினது கத்தரி யாரு கையிலங்கிறது மட்டும்தான்.

சலூன் முதலாளி கல்லாவுல உக்காந்து போனைத் தடவிக்கிட்டிருப்பாருன்னு நீ நினைக்கிறே. உக்காரலாம். பீகார்லருந்து, உத்தரப் பிரதேசத்துலருந்து நல்ல வேலைக்காரப் பயக வாரான், ஃபேடுன்னா கச்சிதமா வெட்டுவான், சத்தமில்லாம வெட்டுவான். வாரவன் ‘அந்தத் தம்பி இருக்காப்லயா’ன்னு கேட்டுத்தான் உள்ள வருவான். உன்னைப் பாத்துத் தலையாட்டிட்டு அவன் நாற்காலிக்குப் போவான். ஒரு நாள் தம்பி ‘ஊருக்குப் போறேன் அண்ணா’ம்பான். இல்லாட்டி நாலு கடை தள்ளி அவனே ஒரு நாற்காலி போடுவான். உன் 274 தலையில பாதி அவன் பின்னாலயே போயிரும். நாற்காலியை நீ வாங்கினே, ஏசியை நீ மாட்டினே. தலை அவன் கையைத்தான் நம்பி வந்துச்சு. கோவப்படாதே, நானும் என் முதலாளி கடையிலருந்து அப்படித்தான் வந்தேன். அவரு செத்தப்பக்கூட அந்த வருத்தத்தோடதான் செத்தாரு, மகராசன்.

அப்புறம் இது என்னது, ‘ஆண்டு மெம்பர்ஷிப் கார்டு’? வருசத்துக்கு ஒரு தொகை கட்டிட்டா வருசம் பூரா வெட்டிக்கலாமா! அடேயப்பா, மெட்ராசுல கண்டுபிடிச்சியா? உன் தாத்தாவுக்கு அப்பா இதைத்தான் செஞ்சாரு. வீட்டுக்கு வீடு வருசக்கூலி. அறுவடை முடிஞ்சதும் களத்துல கம்பும் சோளமும் அளந்து போடுவாக. அதுக்கு வீட்டுல உள்ள அத்தனை தலையும், அத்தனை தாடியும், கல்யாணமும் சாவும் சேத்தி. மழை பொய்ச்ச வருசம் ‘அடுத்த வருசம் சேத்து வாங்கிக்கோ’ம்பாக. முன்வாசல்ல நின்னு வாங்கலை, கொல்லைப்புறமா நின்னு வாங்கினாரு. வாங்கினது கையில கூட இல்ல, துண்டுல. எங்கப்பா அதை உதறிட்டு வந்து டவுன்ல வாடகைக்கு ஒரு அறையைப் பிடிச்சு, உக்கார நாற்காலி போட்டு, வெட்டுக்கு வெட்டு காசுன்னு பலகை எழுதி மாட்டினாரு. அந்தப் பலகை எழுத எம்புட்டுத் தைரியம் வேணும்னு உன் கம்பெனி டீம்லீடருக்குத் தெரியாது. நீ கார்டு அடிக்கிறதுன்னா அடி. அடிக்கிறதுக்கு முன்னால தாத்தா படத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிரு.

யுனிசெக்சைப் பத்தியும் சொல்லணும். பொம்பளைக பக்கம்தான் இப்பக் காசு இருக்கு, இல்லேங்கல. கல்யாணப் பொண்ணு மேக்கப்புக்கு ஒரு முகூர்த்தத்துல வாரது, நம்ம ஆம்பளைக தலையில மாசம் பூரா குனிஞ்சாலும் வராது. ஆனா அதுக்குத் தொழில் தெரிஞ்ச பெண்பிள்ளை ஒருத்தி வேணும், தனி அறை வேணும், தனி வாசல் வேணும். ஒருத்தன் கழுத்துல துணி கட்டிச் சாஞ்சு கிடக்கிற அறை வழியா உங்கம்மா உள்ள வருவாளான்னு கேட்டுட்டு வா. அவ சரின்னா நானும் சரி.

வரி குறைஞ்சிருச்சுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கே. 2025 செப்டம்பர் 22-லேருந்து சலூனுக்கு ஜி.எஸ்.டி. 18 இருந்தது 5 ஆச்சு, வாஸ்தவம். வருசத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்றவன் அந்தப் பக்கமே போகவேண்டாம் மருமகனே. நீ கட்டாத வரியைக் குறைச்சதுக்கு நீ சந்தோசப்படுறே. பில்லுல விலை குறைஞ்சா லாபம் வரி கட்டுற பெரிய ஏசிக் கடைக்காரனுக்கு. கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன், 50,000 வரைக்கும் மானியம்னு எழுதியிருக்கே, அதுவும் உள்ளதுதான். ஆனா அதுக்கு 35 வயசு ஆகியிருக்கணும். உனக்கு இப்ப 28. சர்க்கார் என்ன சொல்லுதுன்னா, ஏழு வருசம் பழகிட்டு வான்னு. நான் சொன்னா கிழவன் சொல்றான்ம்பே, சர்க்கார் சொல்றதையாவது கேளு.

மீன் தொட்டியையும் டிவியையும் நான் கேலி பண்றேன்னு முகத்தைச் சுளிக்காதே. ஆளை உக்கார வைக்க எதாச்சும் வேணும்தான். எங்க காலத்துல அது பேப்பரு. தினத்தந்தி ஒரு காப்பி வாங்கிப் போட்டா நாலு பக்கத்தையும் நாலு பேரு பிரிச்சுக்கிட்டு உக்காருவாக. தி.மு.க. வளர்ந்ததே சலூன்லயும் டீக்கடையிலயும்தான்னு பெரியவுக சொல்லுவாக. உரக்கப் படிக்க ஒருத்தன், கேக்கப் பத்துப் பேரு, வெட்டிக்கிடுறவன் ஒருத்தன். ஒண்ணு மட்டும் மனசுல வையி: கத்தி உன் கையில இருக்கிறப்ப, கழுத்து யாருதோ அவன் கட்சிதான் உன் கட்சி.

தூத்துக்குடியில ஒருத்தரு சலூனுக்குள்ள நூலகமே வச்சிருக்காரு. காத்திருக்கிறவன் புத்தகம் படிச்சா கூலியில தள்ளுபடி. 2020 அக்டோபர்ல பிரதமர் வானொலியில ‘மனதின் குரல்’ பேசுறப்ப அவரோட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசுனாரு. மீன் தொட்டி வச்சவன்கிட்ட எந்தப் பிரதமரும் பேசுனதா நான் கேள்விப்படல. அந்த மனுசன் பெருசாப் படிக்கல. ஆனா கத்தரி அவரு கையில. நீ படிச்சிருக்கே, அந்த ஒண்ணுதான் பாக்கி.

என்ன செய்யலாம்ங்கிறே? கடை வைக்காதேன்னு நான் சொன்னேனா? பாதிக் கிணறு தாண்ட வேண்டாம்னுதான் சொல்றேன். பசுவந்தனை ரோட்டுல நம்ம ஒறமுறைக்காரன் கடை இருக்கு. நாளைக்கு வெள்ளன போ. முதல் மாசம் கூட்டிப் பெருக்கச் சொல்லுவான், பெருக்கு. துண்டு துவை. பலூன்ல சோப்பு நுரையைத் தடவி, பலூன் வெடிக்காம வழிச்சுப் பழகு. பெறகு பிள்ளைக தலை. அழுகிற பிள்ளைக்கு ஒரு கையால கிலுகிலுப்பை ஆட்டிக்கிட்டு மறுகையால வெட்டத் தெரிஞ்சிருச்சுன்னா உனக்கு எந்தத் தலையும் பயமில்ல. பத்து மணி நேரம் நின்னு பாரு. எனக்குக் கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு கிடக்கு பாரு, இந்த லேப்டாப்புல வராது இது. ஆறு மாசம் கழிச்சும் நிக்க முடிஞ்சா, மெயின்ரோட்டை விட்டு உள்ள, மார்க்கெட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போற சந்துல, ஒத்த நாற்காலி போடு. ஃபேன் போதும். எல்லாச் செலவும் 10,000-த்துக்குள்ள நிக்கும். கூலி 100-ன்னு வச்சாக்கூட மாசம் 100 தலை, நாளைக்கு நாலு. அஞ்சாவது தலையிலருந்து உன் வீட்டு உலைக்கு அரிசி.

நாற்காலி புதுசு வாங்காதே. பைபாஸ் பக்கம் ஒருத்தன் கடையை எடுத்துட்டான். ஏறி இறங்குற நாற்காலி மூணு, ஆளுயரக் கண்ணாடி மூணு, பாதி விலைக்குத் தாரேங்கிறான். ஏசியும் இருக்கு. மீன் தொட்டியும் இருக்கு, மீனைச் சும்மாவே தாரானாம். போயி விலை கேக்கிறதுக்கு முன்னால ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கடையை ஏன் எடுத்தேன்னு கேளு. ரெண்டு மணி நேரம் பேசுவான். நோட்டுப் புத்தகம் கொண்டுபோ. ஒத்த நாற்காலி மட்டும் தூக்கிட்டு வா, மூணையும் தலையில கட்டப் பாப்பான்.

கிளம்பிட்டியா? இரு, இந்தக் கடைசிப் பக்கம். ‘முதலீடு’ன்னு கீழ பொடி எழுத்துல ஏழாவது வரி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். ‘தாய்மாமன் பங்கு: 2,00,000.’ நல்ல கணக்கு மருமகனே, முன்பக்கம் தடிச்ச எழுத்துல முடி வளருது, கடைசிப் பக்கம் பொடி எழுத்துல மாமன் வளர்றான். அதுல ஒரு சைபரை அடிச்சிரு. மிச்சத்துக்கு ஆறு மாசம் கழிச்சு வா, கையைக் காட்டு, கத்தரி வளையம் பட்டு விரல்ல காய்ச்சிருக்கான்னு பாத்துட்டுத் தாரேன். உங்கம்மா கேட்டா, மாமா முழுசாப் படிச்சுப் பாத்துட்டு ரொம்ப மெச்சினாருன்னு சொல்லு.